பதினைந்து வயது லொறி

சின்னவளின் அப்பாவுக்கு,

நீங்கள் ஜப்பானிலிருந்து அனுப்பிய சின்ன லொறி டொரோண்டோ வந்து சேர்ந்தது. பதினைந்து வயது முடிந்த வாகனத்தை நாட்டுக்குள் விடலாம் என்பது இங்கத்தைச் சட்டம்; அதனால் சுங்கத்தில் உள்ளே விட்டுவிட்டார்கள். அடுத்த லொறிக்கும், அது செய்யப்பட்ட மாதத்தை எழுத்தில் வாங்குங்கள். அடியில் மண் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புவார்களாம். நன்றாகக் கழுவி ஏற்றுங்கள்.

சட்டத்தைச் சொன்னதும் சின்னவள் கேட்டாள்: "அப்பாவுக்கும் பதினைஞ்சு வயசு முடிஞ்சுதுதானே, அவரை ஏன் விடேல்லை?"

"அது லொறிக்கு மட்டும், பிள்ளை," என்றேன்.

உங்கள் விசா மறுப்பைப் பற்றி வழக்கறிஞர் எழுதுவார்.

கிங்ஸ்டன் வீதியால் அஜக்ஸ் வரை நானே தனியே ஓட்டி வந்தேன். ஸ்டியரிங் வலப்பக்கம்; இங்கே வீதியிலும் வலப்பக்கமாகத்தான் ஓடவேண்டும். முந்துவதென்றால், எதிரே வருவதை இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அதனால் ஒரு பஸ்ஸின் பின்னாலேயே, அது நின்ற இடமெல்லாம் நின்று, வீடு வந்து சேர்ந்தேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சின்னவளின் அம்மா