ரசீது யார் பேரில், பழனிச்சாமி?

என்றைக்கும் ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருக்கும் என் அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் குமுளியில் கடை வைத்திருக்கும் நம் சித்தப்பா மகன் பழனிச்சாமி மூன்று முறை நம் ஊர் பெருமாட்டிக்கு வந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் ஒரு ஏலக்காய்ப் பொட்டலம். முன்பெல்லாம் இவன் வெறுங்கையோடுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லையே?

நேற்றுதான் விஷயத்துக்கு வந்தான். "நங்கையா எதுக்குங்க வில்லேஜ் ஆபீசுக்கு அலையோணும்? தோப்புக் கரத்த வருசா வருசம் நானே அடச்சர்றனுங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மலையாளத்தில் கரம் என்றால் வரி. தமிழ் வாத்தியாரம்மாவான எனக்கோ அது கை. கை கொடுக்கிறான் என்றே நினைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை நானே அண்ணியான நங்கையாவுக்குக் காட்டினேன்.

உங்கள் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏனம்முணி, எங்கியோ வெல கொறச்சுக் குடுத்த தேயிலையக் கடல்ல கொட்டுனாங்கன்னு உங்கண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அது எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வரலாற்று வாத்தியார் விடுப்பில் போனதால் அமெரிக்க விடுதலைப் பாடத்துக்கு நான் குறிப்பெடுத்தபோது நீங்கள் கேட்டது அது. "வெல கம்மின்னா வாங்கிக் குடிக்க வேண்டீதுதானே? கிறுக்கனுகளா?"

இங்கிலாந்துக்குப் போர்க் கடன். அதற்காகக் கடலுக்கு அப்பால் குடியேறியிருந்தவர்களின் பத்திரத்துக்கும் செய்தித்தாளுக்கும் முத்திரை வரி போட்டது. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை எங்களுக்கு வரி போடலாமா என்று அவர்கள் கொந்தளித்தார்கள். இங்கிலாந்து அந்த வரியை நீக்கியது. ஆனால் வரி போடும் உரிமை தனக்கு உண்டு என்று எழுதி வைத்துக்கொண்டது. பிறகுதான் அந்த மலிவுத் தேயிலை வந்தது, சிறு வரியை உள்ளே வைத்துக்கொண்டு. வாங்கினால் அந்த உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். பாஸ்டனில் அதைக் கடலில் கொட்டினார்கள். இங்கிலாந்து துறைமுகத்தை மூடிப் பட்டாளத்தை அனுப்பியது. உழவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். வரியில் தொடங்கியது, நீ எங்களுக்கு ராஜாவே இல்லை என்பதில் போய் நின்றது.

நீங்கள் யோசித்துச் சொன்னீர்கள்: "அப்ப வெலையப் பாக்கக் கூடாது. எதுக்குக் கொறைக்கறான்னு பாக்கோணும்."

அவர்கள் வரி கட்டினால் உரிமை போகும். நாம் கட்டாவிட்டால் போகும். நிலச் சட்டம் வந்ததிலிருந்து ஊரில் எல்லோரும் கரம் கட்டிய ரசீதைத்தானே நில உரிமைக்குச் சாட்சியாக நம்புகிறார்கள்?

"ரசீது யார் பேர்ல வரும், பழனிச்சாமி?" என்று அவனிடம் கேட்டேன்.

"அது... அடைக்கறவிய பேர்லதானுங்க்கா."

டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினான். தாளை மட்டும் மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டான்.

நல்ல எண்ணத்தில்தான் கேட்டானோ? இரவெல்லாம் அதுவும் உறுத்தியது. ஆனால் நல்லவன் என்றால், ரசீது நங்கையா பேரில் இருப்பதில் அவனுக்கு என்ன வருத்தம்?

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வில்லேஜ் ஆபீசுக்குப் போகிறோம். தோப்பை அவர் பேருக்கு மாற்றிக் கரத்தை அவர் கையாலேயே அடைக்கும்வரை, எத்தனை நடை ஆனாலும் விடமாட்டேன். ரசீதில் உள்ள பேரை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான், அண்ணா, அந்த மூன்று பொட்டலங்களையும் பிரிப்போம்.

இப்போது எதற்கும் ஏன் என்று கேட்கும்
உங்கள் உடன்பிறந்தவள்