கவிதா வீட்டு அமைதி

செவ்வாய்க்கிழமை இரவு. பள்ளி மூடி நான்காவது மாதம்.

படுத்துப் பார்த்தேன், தூங்க முடியவில்லை. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேன்.

ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் தினமும் ஐந்து பிள்ளைகளுக்குப் போன் செய்து நலம் விசாரித்து, படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று பள்ளியில் உத்தரவு. இன்று கடைசியாகப் பத்தாம் வகுப்பு கவிதா. அவள் மைக்கைத் திறந்தாலே பின்னால் தறிச் சத்தம்தான் கேட்கும். "மொதல்ல மியூட் பண்ணும்மா!" என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டில் படிக்க அமைதியான சூழல் உண்டா?

"இப்பலாம் சத்தமே இல்ல மிஸ். நாலு நாளா அமைதியாத்தான் இருக்குது" என்றாள்.

"அப்பாடா, நல்லதாப் போச்சும்மா! இனிமே ஒழுங்கா படிக்கலாம்" என்றேன். 'ஆம்' என்று குறித்து அனுப்பியும் விட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நானும் நெசவாளி வீட்டில் பிறந்தவள்தானே? அமாவாசைக்கு ஒரு நாள் தறி நிற்கும். மற்றபடி நான்கு நாள் நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நெய்யப் பட்டு நூல் வரவில்லையா? அவள் அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை நான்.

தட்டை நகர்த்திவிட்டுக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். இப்போதும் அப்படித்தான்.

நல்லதாப் போச்சு என்றேனே, அதற்கு அவள் "தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.