சுரபுன்னைப் பாட்டும் சம்பந்தியம்மாவும்

12.6.2025, வியாழன்

மகன் வழிப் பேரன் செந்தமிழ்செல்வனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. அவன் தங்கை சத்யப்பிரியா பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்கு. பேரைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மகள் வழிப் பேத்தி இளமதி சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள். கிடார் வாசித்துப் பாடிக் கோப்பை வாங்கியிருக்கிறாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். என் பேத்தி மேடையில் நிற்கிறாள். மீன்காரம்மாவிடம் கூடச் சொன்னேன். "அப்ப சங்கரா ரெண்டு சேத்து வாங்கு ஆயா" என்றாள். வாங்கினேன்.

சாயங்காலம் இளமதி வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். கோப்பையோடு நிற்கிறாள். பக்கத்தில் மங்கலம் சம்பந்தியம்மா, அவள் அப்பாவைப் பெத்தவங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டீ-சர்ட், நெஞ்சில் "சுரபுன்னை" என்று எழுத்து. அந்தம்மா புடவைக்கு மேலேயே மாட்டியிருக்காங்க! அடியில் இளமதி எழுதியிருந்தது: "எனக்குப் பாட்டு கத்துக்கொடுத்த என் பாட்டி."

நான் நல்லாத்தான் இருக்கேன். தலைவலி, அவ்வளவுதான்.

13.6.2025

சுரபுன்னை பிச்சாவரத்தில் தண்ணிக்குள் நிற்கிற மரம். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், நாற்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால், கிடாரும் டிரம்ஸுமாகப் பாடினார்கள். சினிமாப் பாட்டு இல்லை. அவுங்களே எழுதி அவுங்களே பாடுவது. கேசட் வந்தது. பிறகு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். இப்போது ராக் பாட்டு என்கிறார்கள். அப்போது எங்கள் முதுநகரில் அதற்குக் கத்துற பாட்டு என்று பேர்.

எங்க வீட்டுக்காரர் சுப்பராயலு மைக்செட் கடை வைத்திருந்தவர். கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். "அண்ணே, சுரபுன்னை போடுண்ணே." பெரிசுகள் "நிறுத்துய்யா அந்தச் சனியனை" என்பார்கள். அன்றைக்குப் போடச் சொன்னவர்கள் இன்றைக்குத் தொப்பையும் நரையுமாகப் பேரப்பிள்ளை காதுகுத்தில் நின்று அதே பாட்டைக் கேட்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிறது. என்ன இருக்கோ அதில்.

ஒன்று மட்டும் யாருக்கும் தோணவில்லை. என் மகள் மலர்க்கொடி தொட்டிலில் கிடந்தபோது எங்க கடையில் ஓடியது இந்தப் பாட்டுதான். அப்படியென்றால் இளமதிக்கு இது யார் வழியில் வந்தது? பாலோடு வந்தது! சம்பந்தியம்மா எங்கிருந்து கத்துக்கொடுத்தாங்க?

இவரிடம் சொன்னேன். "அப்ப ஒரு பாட்டு பாடு செல்லாயி, கேப்போம்" என்கிறார்.

காதில் விழுந்திருக்கு. வாயில் வரவில்லை.

18.6.2025, புதன்

இளமதிக்கு போன் போட்டேன். "ஆயா, பாட்டி காலேஜ் படிக்கறப்ப சுரபுன்னை கச்சேரிக்கு சுவரேறிக் குதிச்சுப் போயிருக்காங்க, தெரியுமா?"

"உனக்கு முறுக்கு சுட்டு வச்சிருக்கேன் கண்ணு" என்றேன்.

"பாட்டியும் சுட்டாங்க ஆயா."

அவுங்க பாட்டி. நான் ஆயா. எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இருந்தாலும்.

22.6.2025, ஞாயிறு

பாட்டைக் கத்துக்கொள்கிறேன். இவர் போனில் போட்டுக் கொடுக்கிறார், நான் கேட்டுக் கேட்டுச் சொல்கிறேன்.

"உப்புத் தண்ணியில வேர் விட்டேன்
ஓடம் தள்ளி வாயேன்டி"

இதற்கு அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு "ஹேய்ய்!" கத்த வேண்டும். அது இல்லாவிட்டால் பாட்டே இல்லையாம். அக்கம்பக்கம் கேட்டால் என்ன நினைக்கும்? மிக்ஸி ஓடும்போது மட்டும் கத்துகிறேன். இந்த வாரம் எங்கள் வீட்டில் தினமும் சட்னி.

29.6.2025, ஞாயிறு

ஐயோ. எப்படி எழுதுவேன்.

இவர்தான் யோசனை சொன்னார். "நீ பாடறத நீயே கேளு. மைக் பட்டனை அமுக்கிக்கிட்டுப் பாடி என் நம்பருக்கு அனுப்பு." அமுக்கினேன். முழுசும் பாடினேன், ஹேய்யும் போட்டேன். நல்லா வந்துவிட்ட சந்தோசத்தில் சும்மா இருக்கக் கூடாதா? "அந்த மங்கலத்துக்கு மட்டும்தான் பாட்டு வருமா? பொடவ மேல பனியன் மாட்டினா ஆச்சா?" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தேன்.

அது இவர் நம்பர் இல்லை. குடும்ப குரூப்.

பதறிப் போய் அழித்தேன். அழிந்தது. அப்பாடா என்று தண்ணி குடித்தேன். கொஞ்ச நேரத்தில் மலர்க்கொடி போனில்: "ஏம்மா, உன் போன்ல மட்டும் அழிச்சிருக்கே. எங்க எல்லார் போன்லயும் இருக்கு."

மாப்பிள்ளை அருண்குமார் அந்த குரூப்பில் இருக்கிறார். மாப்பிள்ளை வந்தா நான் கதவோரமா நின்னு "வாங்க"ன்னு சொல்றவ. கல்யாணமான நாள்ல இருந்து அவர் எதிர்ல நாற்காலில உக்காந்ததில்ல. அந்த மனுசன் காதுல நான் "வாயேன்டி"ன்னு—

"உன் மாமியார் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. எழுந்து உள்ள போயிட்டாங்க."

30.6.2025

யாரும் கூப்பிடவில்லை.

1.7.2025, செவ்வாய்

என் மகள் அந்த வீட்டில்தான் இருக்கணும். நான் கொழுப்பெடுத்துப் பேசியதற்கு அவள் முகம் கொடுக்கணும். இளமதியை இனி இங்கே அனுப்புவாங்களா? ஆடிப் பதினெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாளே. சிதம்பரத்தில் இன்று தேர். குரூப்பில் மாப்பிள்ளை தேர்ப் படம் போட்டார். என் பாட்டு மேலே ஏறிப் போயிருக்கும், நல்லது. ஆனால் சம்பந்தியம்மா ஒரு கும்பிடு பொம்மை கூடப் போடவில்லை.

3.7.2025, வியாழன்

சம்பந்தியம்மா போன் பண்ணினாங்க.

"சம்பந்தியம்மா, நான் ஏதோ வாய்தவறி..." என்று ஆரம்பித்தேன்.

"பனியன் கத அப்புறம் இருக்கட்டும். நீங்க பாடினதை இளமதி என்ன பண்ணியிருக்கா தெரியுமா? உங்க ஹேய்ய மட்டும் வெட்டி ரிங்டோனா வச்சிருக்கா. என் வீட்ல போன் அடிச்சா நீங்கதான் கத்துறீங்க. குளிக்கப் போனா ஹேய்! சாமி கும்பிட்டா ஹேய்! 'எங்க ஆயாவைப் பாரு, எங்க ஆயாவைப் பாரு'ன்னு காலேஜ் பூரா போட்டுக் காமிக்கிறா. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? அன்னிக்கு அவ துள்ளினதப் பாக்க முடியாமத்தான் உள்ள போயிட்டேன்."



அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "எனக்கு முதல் நாலு வரிதான் வரும். மிச்சத்துக்கு வாயசைக்கிறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

பாவமாக இருந்தது. கொஞ்சம்.

என் குரலையாம்! ரிங்டோனாம்!

13.7.2025, ஞாயிறு

சிதம்பரம் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். கல்யாண மண்டபத்தில் கச்சேரி. சுரபுன்னையில் பாடின தமிழ்மணி வெளியூரிலிருந்து வந்திருந்தார். அவரும் இளமதியும் சேர்ந்து பாடினார்கள்.

வழுக்கைத்தலைகள் ஒரு பக்கம், காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம், தோளில் உட்கார்ந்த குழந்தைகள் ஒரு பக்கம். ஒரு வாய் மூடவில்லை. இவர் ஸ்பீக்கரைப் பார்க்காமல் பாட்டைக் கேட்டதை இன்றுதான் பார்த்தேன்.

நான் ஓரமாக நின்றிருந்தேன். மாப்பிள்ளை தானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உக்காருங்க அத்தை. உங்க பாட்டு இப்ப வரும்" என்றார். சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன்.

பாட்டு வந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா நாலு வரிக்கு அப்புறம் வாயசைச்சாங்க. நான் கொஞ்சம் சத்தமாகவே பாடினேன், ரெண்டு பேருக்கும் சேர்த்து. ஹேய்ய் வந்தபோது இளமதி மேடையிலிருந்து மைக்கை எங்கள் பக்கம் நீட்டினாள்.

14.7.2025, திங்கள்

காலையில் காப்பி கூடக் குடிக்கவில்லை, சம்பந்தியம்மா போன். "ஸ்டேட்டஸ் பாத்தீங்களா?"

பார்த்தேன். இளமதி அந்தத் தமிழ்மணி தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். அடியில்: "என் குரு. என் உயிர். என் தாத்தா."

"தாத்தாவாம்" என்றாங்க சம்பந்தியம்மா.

"முறுக்கு சுட்டுக் கொடுத்தாரா?" என்றேன்.

"பரிட்சைக்கு எழுப்பி விட்டாரா?"

"நேத்து வந்தவரு, சம்பந்தி."

"அதான் பாருங்களேன்."

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவரு தாத்தான்னா நான் யாரு?" என்கிறார்.

ரொம்ப நேரம் பேசினோம். சம்பந்தியம்மாவிடம் இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. என்ன எழுதுவது என்று அவுங்க வரி வரியாகச் சொன்னாங்க, நான் அடித்தேன். எந்த நம்பருக்குப் போகுதுன்னு ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்:

"இளமதிக்கண்ணு, அந்தப் போட்டோ போதும், எடுத்துடு. நேத்து மண்டபத்து வாசல்ல உன் பாட்டி எனக்கும் ஒரு கறுப்பு டீ-சர்ட் மாட்டிவிட்டு, நீ நடுவுல நின்னு எடுத்தோமே, அதப் போடு. புடவை மேல போட்டா நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம் புதுசு போடு. இப்படிக்கு ஆயாவும் பாட்டியும்."