மேல் ஆணியில் மாடிச் சாவி

என்னோடு பேசாத அம்மணிக்கு,

நைட் டூட்டி முடிந்து வருகிறவர்களுக்கு அடுப்பின் மேல் சாப்பாடு மூடியிருக்கிறது. பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க பிளம்பர் வருவார். மாடிச் சாவி மேல் ஆணியில் தொங்குகிறது.

ஆமாம், மேல் ஆணியில்தான்.

"தோள்பட்டை இறுகிப்போன மனுஷனுக்காகக் கீழ இன்னொரு ஆணியே அடிச்சேன். சுவத்துல விரலை ஏத்தி ஏத்திப் பழகுன்னா, வலிக்குதாம்! எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்று நேற்று ஒருவர் ஃப்ரிட்ஜிடம் சொன்னது அந்த மனுஷன் காதிலும் விழுந்தது. ஃப்ரிட்ஜும் வாயைத் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை.

அவன் வீட்டில்தான் பயிற்சி செய்யவில்லை. பெண்டாட்டி முன்னால் "ஐயோ அம்மா" என்று அலற வெட்கம். சலூனில், ஒரு தலை முடிந்து அடுத்த தலை உட்காருவதற்குள், கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றிக்கொண்டுதான் இருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கத்தரிக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட அழுதன.

இன்று காலை அதே கையால், ஸ்டூல் இல்லாமல், சாவியை மேலே மாட்டினான். மாட்டிவிட்டு ஆளில்லாத கூடத்தில் ஒரு ஆட்டமும் போட்டான்.

தாளில் இடமில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்: உனக்கு அந்த ஆணி எட்டாது. கீழே ஸ்டூல் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இன்றைக்குச் சட்டையையும் நானே போட்டுக்கொண்டேன். ஆனால் நாளைக்குக் கை தூக்க வராது. வழக்கம்போல நீதான் மாட்டிவிட வேண்டும்.