படலையில் கை வைத்தவன்

மச்சான்,

ஐம்பது வருஷம் புகையிலைக்குள் கிடந்தவன் நான். அந்த மணத்துக்கு எனக்குத் தும்மல் வந்திருக்கிறது, இருமல் வந்திருக்கிறது, அழுகை வந்ததில்லை. நீ போய் முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டி அன்றுதான் வந்தது. சாப்பிட வந்த சனம் எழும்பிப் போனபிறகு, உன் மனைவி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மஞ்சளாகிப்போன பேப்பர் சுற்றி, சணலால் கட்டியது. “அண்ணை, இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்” என்றாள்.

அவிழ்த்தேன். உள்ளே நீ எங்களுக்கு வாசித்த அந்தப் புத்தகம். நடுவில் ஒரு புகையிலைக் கீற்று. இருபத்து நாலு வருஷத்துக் கீற்று, தொட்டால் தூளாகிவிடும். ஆனாலும் மணம் போகவில்லை. நான் முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தேன். சனம் என்ன நினைத்ததோ தெரியாது.

உன் நினைவாக அச்சடித்துப் பங்கிட்ட கல்வெட்டில் உன் பிறப்பு, உன் குணம், உன் சுற்றம் எல்லாம் பாட்டாக இருக்கிறதாம். வாசித்துக் காட்டினார்கள். இந்தப் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதனால்தான் இந்த மடல். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், தங்கச்சி எழுதுகிறாள். உன் மனைவிதான். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தை நீ நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிக்கொண்டு வந்த நாள் என் கண்ணுக்குள் நிற்கிறது. பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் சுருட்டுக் கொட்டில். பதினொரு பேர் வரிசையாகச் சப்பாணி கட்டியிருந்து சுருட்டுவோம். ஒருத்தன் மாத்திரம் பெட்டியின்மேல் ஏறியிருந்து வாசிப்பான். அது நீ. காலையில் பேப்பர், மத்தியானத்துக்குப் பிறகு கதை. நீ சுருட்ட வேண்டிய சுருட்டை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுருட்டி உன் தட்டில் போட்டுவிடுவோம். கை வேலை செய்யும், காது கதை கேட்கும்.

தலையணை மாதிரிப் பெரிய புத்தகம். தாள்கள் மடித்தபடியே தைத்து வந்திருந்தன, ஓரம் திறக்காது. நீ இரண்டு விரலால் பிரிக்கப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“டேய், உன்ரை கத்தியை எடு. நீ வெட்டு, நான் வாசிக்கிறன்.”

சுருட்டின் நுனி வெட்டும் என் சின்னக் கத்தி. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு நாளைக்கு வேண்டிய தாளை மாத்திரம் நான் வெட்டிக் கொடுப்பேன். அதற்கு மேல் ஒரு மடிப்பையும் நீ வெட்ட விட்டதில்லை. “எல்லாரும் ஒண்டாய்ப் போவம். நான் மாத்திரம் முன்னுக்குப் போய் எட்டிப் பாக்கிறதில்லை” என்பாய்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நீ புத்தகத்தில் அடையாளம் வைப்பதில்லை. பெட்டியில் ஏறியிருந்ததும் என்னைத்தான் கேட்பாய்: “நேற்று எங்கை விட்டது?” நான் முதல் நாள் வாசித்த கடைசி வரிகளைச் சொல் மாறாமல் சொல்வேன். நீ பக்கத்தைத் தட்டிப் பார்த்து, “ஓம், சரி” என்று தொடங்குவாய். உனக்குக் கண், எனக்கு நினைவு. பள்ளிக்கூட வாசல் மிதியாத எனக்கு, அந்தக் கொட்டிலில் அப்படி ஒரு இடம் தந்தவன் நீ.

கதை இழுவைதான். இல்லையென்று சொல்லேன். எங்கள் வடகரையில் ஒருத்தன், தமக்கையோடு கோபித்துக்கொண்டு பாய்க்கப்பலில் ஏறிப் போகிறான். அவன் ஏறின கப்பலின் பாய்மரத்துக்கே நாலு பக்கம். எங்கள் வரிசையில் இருந்த நெட்டையனுக்குப் பொறுக்காது.

“உந்தக் கப்பல்காரன் எப்பதான் கரைக்கு வருவான்? நான் கிழவனாய்ப் போடுவன் போலை கிடக்கு.”

“நீ இப்பவும் கிழவன்தான். வாயை மூடிக்கொண்டு சுத்து” என்பாய் நீ.

கொட்டில் சிரிக்கும். ஆனால் போகப்போகப் பாதிப்பேர் காது கொடுப்பதை விட்டுவிட்டார்கள். சிலர் தூங்கி வழிவார்கள். நீ எனக்காகத்தான் வாசித்தாய். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

பிறகு தெற்கில் கலவரம் நடந்த அந்த வருஷம் வந்தது.

என் தம்பி காலிப் பக்கத்தில் ஒரு சுருட்டுக் கடையில் நின்றான். நாங்கள் சுருட்டுகிற சுருட்டு விற்கிற கடை. அந்தப் பக்கத்துத் தமிழர் கடைகளெல்லாம் எரிந்துபோச்சு என்று சனம் கதைத்தது. பத்து நாளாய்த் தந்தியில்லை, கடிதமில்லை. அம்மா சோறு தொடவில்லை. நீ காலையில் பேப்பரை இரண்டுதரம் வாசிப்பாய். ஊர்ப் பெயர்களை எனக்காக மெல்ல மெல்ல வாசிப்பாய். பத்தாம் நாள் மத்தியானம், “மனம் கொஞ்சம் ஆறட்டும்” என்று புத்தகத்தை எடுத்தாய். நான் வெட்டித் தந்தேன். நீ தொடங்கினாய்.

கதையில் அவன் பதினாலு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறான். ஒழுங்கையால் நடந்து வருகிறான். தன் வீட்டு வேலிவாசல் படலையில் கை வைக்கிறான்.

அந்த வரியை நீ நல்லாய்த்தான் வாசித்தாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“மூடடா உந்தப் புத்தகத்தை!” என்று கத்தினேன். “ஆரோ இல்லாத ஒருத்தன் வீட்டை வாறானாம், நீ ராகம் போட்டு வாசிக்கிறாய். இருக்கிறவன் எங்கை கிடக்கிறானெண்டு தெரியேல்லை. இனி உந்தக் கதை என்ரை காதிலை விழக்கூடாது!”

கத்தியை நிலத்தில் எறிந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு கீற்றுப் புகையிலையைக் கிழித்தாய். புத்தகத்துக்குள் வைத்தாய். மூடினாய்.

அதுவரைக்கும் அந்தப் புத்தகத்துக்கு அடையாளம் நான்தான். அன்றைக்குத்தான் முதல்முறை நீ வேறொன்றை வைத்தாய்.

பதினொரு நாள் கழித்துத் தம்பி வந்தான். கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து காங்கேசன்துறையில் இறக்கியிருந்தார்கள். உடுத்த சாரத்தோடு வந்து எங்கள் படலையில் கை வைத்தான். ஊரே கூடிவிட்டது. நீயும் வந்தாய். உன் கக்கத்தில் பேப்பர் சுற்றிய பொட்டலம். நான் பார்த்தேன் மச்சான். பார்க்கவில்லை என்று இந்த வயதில் பொய் சொல்லமாட்டேன். “வாசி” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்?

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

நீ குடித்தாய். போனாய்.

கத்தினவன் நான், நானே போய்க் கேட்பதற்கு வெட்கம். நீயாகத் திறப்பாய் என்று நான் இருந்தேன். நானாகக் கேட்பேன் என்று நீ இருந்தாய். அதற்குப் பிறகு கொட்டிலில் பேப்பர்தான். வேறு கதை ஒன்றும் நீ தொடங்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து நெட்டையன் ஒருநாள் கேட்டான்: “உவன் படலையிலை கை வைச்சானே, பிறகு என்னடாப்பா நடந்தது?”

நீ என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: “கத்தி அவனிட்டைக் கிடக்கு.”

எனக்குக் கேட்டது. குனிந்து சுருட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நீ யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்தேன். உன் தொண்டைக்குள்ளிருந்து காற்றுத்தான் வந்தது. “காது எப்பிடி?” என்று கேட்டாய். “வலக்காது போட்டுது. இடக்காதுக்கு ஆரும் கத்தினால் கேக்கும்” என்றேன். “அப்ப கெதியாய்...” என்றாய். டாக்குத்தரிடம் விரைவாய்ப் போகச் சொல்கிறாய் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். காது இருக்கும்போதே கதையைக் கேட்கச் சொன்னாய் என்று விளங்காத படுமடையன்.

அந்தியேட்டி அன்று புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், கீற்று இருந்த இடத்திலிருந்து விரலால் தடவிப் பார்த்தேன். கீற்றுக்கு முன்னால் தாளெல்லாம் என் கத்தி வெட்டின வெட்டு. கீற்றுக்குப் பின்னால் ஒரு மடிப்பும் திறக்கவில்லை. ஒன்றுகூட இல்லை. கண் இருந்த நீ, எழுத்துத் தெரிந்த நீ, மேசை லாச்சிக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவன் உள்ளே போனானா இல்லையா என்று பாராமலே செத்துப்போனாய். நான் சொன்ன ஒரு சொல்லுக்காக.

இதைத் தெரிந்துகொண்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு தெரியாமல் நான் உன்னிடம் வந்தால் எந்த முகத்தோடு வருவது?

முதலில் தங்கச்சியிடம் வர எனக்குத் துணிவில்லை. அடுத்த ஒழுங்கை வாத்தியாரிடம் கொண்டுபோனேன். பென்சன் எடுத்தவர், கண்ணாடி போட்டவர். புத்தகத்தைக் கண்டதும் சிரித்தார்.

“அண்ணை, உது நானும் ஒருக்கால் துவங்கி விட்ட சாமான். எங்கடை வாசிகசாலையிலையும் ஒண்டு கிடக்கு. போய்ப் பாருங்கோ, முதல் ஐம்பது பக்கம் கை பட்டு ஊத்தை. மிச்சம் மாப்பிள்ளை மாதிரிப் புதுசு.”

ஆனாலும் வாசித்தார். மூன்று தாள். அதற்குள் இரண்டுதரம் கொட்டாவி. மூன்றாம் நாள் போனால், வாத்தியார் வீட்டில் இல்லையாம். பிறகு தபாற்காரத் தம்பியைப் பிடித்தேன். அவன் வாங்குப் பலகையில் குந்தி ஒரு தாள் வாசித்துவிட்டு, “அப்பு, உவன் உள்ளை போனால் சொல்லியனுப்புங்கோ, வாறன்” என்று சைக்கிளை எடுத்துவிட்டான்.

அவர்களைக் குறை சொல்லி என்ன? படலையில் கை வைத்தவனை அப்படியே நிற்கவிட்டு, அந்தப் புத்தகம் ஊர்க்கதை சொல்லப் போய்விட்டது. அந்தப் படலையை ஆர் கட்டினது, வேலிக்குக் கதியால் ஆர் நட்டது, அடுத்த வளவுக்காரனின் பூட்டன் ஆர் என்று தாள் தாளாய்ப் போகிறது. அவன் நிற்கிறான். கை படலையில்.

பிறகுதான் புத்தகத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் வந்தேன். உன் வீட்டு விறாந்தை வாங்கில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டாள்.

“உந்தப் பொட்டலத்தை ஒருநாள் தூசு தட்ட எடுத்தனான். ‘அதிலை கை வைக்காதை, அது ஒரு ஆளுக்காக நிக்குது’ எண்டவர். ஆர் ஒருத்தியோ எண்டு ரெண்டு நாள் கதையாமல் இருந்தனான். நீங்களோ அந்தச் சக்களத்தி?”

சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

இரண்டு மாதமாய் வாசிக்கிறாள். என் இடக்காதுக்குள் வாயை வைத்துக் கத்தித்தான் வாசிக்க வேண்டும். ஒரு தாளோடு தொண்டை கட்டிவிடும். மல்லித்தண்ணி குடித்துவிட்டு அடுத்த தாள். அதற்குள் காது இன்னும் மோசம். என் காதில் விழக்கூடாது என்று அன்று சொன்னேன் அல்லவா? சொன்ன வாய் பலித்துக்கொண்டிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அவள் வாசித்ததில் பாதி எனக்கு வண்டின் இரைச்சல். பயந்துபோனேன் மச்சான். கலவரத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை. கத்தியை எடுத்துக் கடைசி மடிப்பில் வைத்து, “தங்கச்சி, இதை வெட்டுறன், கடைசிப் பக்கத்தை மட்டும் வாசியம்மா. உள்ளை போனானோ இல்லையோ, அது போதும்” என்று கெஞ்சினேன்.

அவள் கத்தியை என் கையிலிருந்து பிடுங்கினாள். காதுக்குள் கத்தினாள். அதில் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது.

“அப்ப மூடச் சொன்னியள். இப்ப ஓடச் சொல்லுறியள். அந்த மனிசன் உங்களை விட்டிட்டு ஒரு தாள் முன்னுக்குப் போகேல்லை. அவரை விட்டிட்டு நீங்கள் கடைசிக்குப் போகப்போறியளோ?”

நான் தலை குனிந்தேன். அவள் கத்தியைத் திருப்பித் தந்தாள். கடைசி மடிப்பை அல்ல, அடுத்த மடிப்பை வெட்டினேன்.

இதை எழுதும்போது அவள் பேனையை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். எழுது தங்கச்சி, அதையும் எழுது.

இனி முப்பத்திரண்டு மடிப்பு இருக்கிறது. காலையும் மாலையும் விரலால் எண்ணுகிறேன். காது அதுவரைக்கும் நிற்காது. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நாங்கள் இருவரும் ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். காது அடைத்த பிறகும் அவள் ஒரு தாளும் விடாமல், சத்தமாய்த்தான் வாசிப்பாள். நான் பக்கத்தில் இருந்து தாள் வெட்டிக் கொடுப்பேன். அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் படலையைத் திறந்து உள்ளே போகும் இடம் வந்தால் அவள் என் கையில் ஒருதரம் தட்டுவாள். திரும்பிப் போய்விட்டால் இரண்டுதரம்.

நேற்று எங்கை விட்டது என்று நீ கேட்டால் சொல்ல, முதல் பாதி முழுக்க என்னிடம் இருக்கிறது, பாய்மரத்தின் நாலு பக்கமும் சேர்த்து. மிச்சத்துக்கு இந்தக் கத்தியும், அவள் தட்டுவதற்காக விரித்து வைத்திருக்கிற இந்தக் கையும்தான். இந்தக் கையோடுதான் உன்னிடம் வருவேன்.