நீங்கள் எழுதிய வரிக்குக் கீழே ஒரு வரி

என்ட ராத்தா ஹாஜராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று உங்கள் தம்பி நான் சொல்லும் ஸலாம்தான் இது. இன்றைக்குக் கடிதத்தில் சொல்கிறேன், சொல்ல வேண்டிய சங்கதி கொஞ்சம் நீளம். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று நம்மட சாய்ந்தமருதிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள், ராத்தா. தமிழும் அரச கரும மொழி, அரசாங்க அலுவல் நடக்கிற மொழி, என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. நீங்கள் எழுதிய வரிக்குக் கீழே.

நீங்கள் இருந்திருந்தால் இந்த நேரம் எழும்பி அடுப்படிக்குப் போயிருப்பீர்கள். சந்தோசம் வந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்க உங்களுக்கு வெட்கம். தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் அங்கே நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு வருவீர்கள். நான் கண்டும் காணாத மாதிரி இருப்பேன்.

கொழும்பில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்தபோது வாப்பா விட மாட்டேன் என்று நின்றார். பொம்பிளைப் பிள்ளை தனியாகப் போய் இருப்பதா என்றார். கடைசியில், தம்பியும் கூடப் போகட்டும் என்று இறங்கி வந்தார். அப்படித்தான் நான் உங்களுக்குக் காவலாக வந்தேன். மருதானையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை. உங்களுக்கு அலுவலகம், எனக்குப் புறக்கோட்டையில் ஒரு தையல் கடை. காவல் என்று பேர்தான். பஸ் நம்பர் வாசிக்கவும், பேக்கரியில் சிங்களத்தில் பாண் கேட்கவும் எனக்குக் காட்டித் தந்தது நீங்கள். கல்யாணம் பேசி வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். நீங்கள் கல்யாணத்தை விட்டீர்கள்.

நாடு குடியரசாகி அதிக காலம் ஆகவில்லை. முதல் எழுதிய அரசியலமைப்பின் மை காயுமுன்னே புது அரசாங்கம் இன்னொன்று எழுதப் போகிறது என்று பேச்சு வந்தது. அதன் தமிழ்ப் பிரதியைத் தயாரிக்கிற கூட்டத்தில் உங்களையும் போட்டார்கள். அன்று பின்னேரம் நீங்கள் நடந்து வந்த நடை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மழை பெய்தது, குடையை விரிக்க மறந்து வந்தீர்கள்.

இதை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். பாராளுமன்றச் சபையில் ஒரு தெரிவுக்குழு இருக்கிறது, அது ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு அறிக்கை எழுதும், அந்த அறிக்கையிலிருந்து சட்டமூலம் வரும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஆதரித்தால் சபாநாயகர் கையெழுத்து வைப்பார், அதோடு சட்டம் என்று பஸ்ஸில் நின்றபடியே விளக்கினீர்கள். நான் தையல்காரன் புத்தியில் கேட்டேன்.

“அளவெடுக்கிறாங்க, வெட்டுறாங்க, தைக்கிறாங்க. சரி. போடுற ஆளக் கூப்பிட்டுப் பொருத்திப் பாக்கிறது எப்ப ராத்தா?”

முதலில் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 

அந்த வருடம் நோன்பு மாதமும் அந்த வேலையும் ஒன்றாக வந்தன. பசியோடும் தாகத்தோடும் வந்து இருப்பீர்கள், நாக்கு வறண்டிருக்கும், ஆனால் சொற்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டீர்கள். ‘ஆள்’ என்றால் எல்லாரும், ‘பிரசை’ என்றால் பிரசாவுரிமை உள்ளவர் மட்டும், ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கதவு சாத்தினதாகிவிடும் என்று சொல்லித்தந்தீர்கள். நான் அதுவரை சட்டம் என்றால் பொலிஸ் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு மொழி பற்றிய அத்தியாயம் உங்கள் மேசைக்கு வந்தது. சிங்களம் அரச கரும மொழி. சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள். இரண்டு சின்ன வசனம்.

உங்களோடு வேலை செய்த கந்தையா ஐயாவைப் பற்றி வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேணும். வயது போனவர், மட்டக்களப்பு ஆள், உங்களை மகள் மாதிரி நடத்தியவர். நோன்பு என்று தெரிந்தால் உங்களுக்கு முன்னால் தண்ணி கூடக் குடிக்க மாட்டார். அவர்தான் அந்த முதல் வசனத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி எழுதுவோம் என்று கேட்டார். ‘அரச கரும மொழி’ என்று பச்சையாகப் போடாமல் ‘நிர்வாக மொழி’ என்று போடுவோம், வாசிக்கிற தமிழ்ச் சனத்துக்கு அவ்வளவு நோகாது என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மனம் பொறுக்காமல் கேட்டார்.

நீங்கள் அன்று அவருக்குச் சொன்னதை எனக்கும் சொன்னீர்கள். நான் அதை எத்தனையோ பேரிடம் திருப்பிச் சொல்லிவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

“ஐயா, இல்லாதத இருக்கிற மாதிரி எழுதினா நம்மட ஆக்கள நாமளே ஏமாத்தின மாதிரி. அவங்க தராததத் தரல்ல எண்டே எழுதுவம்.”

 அவர் தாளை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு, “நீ சொல்றது சரி பிள்ளை. ஆனா என்ட கை இத எழுத வராது. நீயே எழுது” என்றாராம்.

நீங்கள் எழுதினீர்கள். பிறந்ததிலிருந்து கதைத்த மொழியில், அந்த மொழி இரண்டாவது என்று, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அடுத்த வசனத்தையும் எழுதினீர்கள், தமிழ் தேசிய மொழி என்று. அதற்கு முன்னால் இந்த நாட்டின் எந்த அரசியலமைப்பிலும் அப்படி ஒரு வசனம் இருந்ததில்லை என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரே நாளில் நோவும் பெருமையும் ஒரு ஆளுக்கு எப்படித் தாங்கும்? நான் அன்றைக்குக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

சபையில் வாக்கெடுப்பு முடிந்த செய்தி நாம் நோன்பு துறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் வந்தது. எதிர்த்தவர்கள் இருந்தார்கள், தள்ளி நின்றவர்களும் இருந்தார்கள், ஆனால் நிறைவேறிவிட்டது. செய்தி வாசித்தவர் நீங்கள் தெரிந்தெடுத்த சொற்களைத்தான் வாசித்தார். நீங்கள் கஞ்சிக் கோப்பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டீர்கள். வீட்டுக்காரருக்கு அது நீங்கள் எழுதியது என்று நான் சொல்லப் போனேன், நீங்கள் கண்ணால் தடுத்தீர்கள்.

ஊரில் எப்படியோ தெரிந்துவிட்டது. பெருநாளுக்கு வந்தோம். தொழுகை முடிந்து வீடு நிறைய ஆட்கள். அதில் சாச்சாவும் இருந்தார், வாப்பாவின் தம்பி. அவர் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர், சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாததால் பதவி உயர்வு நின்று, மனம் விட்டு, இடையிலேயே ஓய்வு பெற்றுக்கொண்டு வந்தவர் என்பது குடும்பத்துக்கே தெரிந்த கதை. அவர் உங்களைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

“என்ட சோத்தில மண் போட்ட அந்தப் பழைய சட்டத்த இப்ப தமிழில எழுதினது நீதானா புள்ள?”

 உம்மா அறைக்குள்ளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. நீங்கள் ஏதாவது சாட்டுச் சொல்வீர்கள், மேலே இருக்கிறவர்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கதிரையை விட்டு எழும்பி நின்றீர்கள்.

“ஓம் சாச்சா, நான்தான். அதில என்ன இருக்கோ அதத்தான் எழுதின. நமக்கு என்ன தந்திருக்காங்க, என்ன தரல்ல எண்டு நம்மட மொழியிலேயே தெரியட்டும். தெரிஞ்சாத்தானே கேக்கலாம்?”

 சாச்சா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் வாப்பா எழும்பினார். இறக்காமத்தில் யானை விரட்டி, வேளாண்மை பார்த்து, யாருக்கும் ஒரு கோப்பை தண்ணி கூட எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லாத மனிசன். பெருநாளுக்கு அவித்த வட்டிலப்பத்தை வெட்டி, கோப்பையில் வைத்து, அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால் உங்கள் கையில் கொண்டுவந்து தந்தார்.  உங்களைக் கொழும்புக்கு விட்டது சரியா பிழையா என்ற கதை அதன் பிறகு நம்மட வீட்டில் எழும்பவே இல்லை.

சாச்சா வருடக்கணக்காக உங்களோடு முகம் கொடுக்கவில்லை. நீங்கள் வருத்தமாகிக் கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பினார். நான் கண்டேன், உங்களுக்குச் சொல்லவில்லை. நோயோடு நோயாக அதுவும் எதற்கு என்று விட்டுவிட்டேன். உங்களுடைய ஜனாஸாவைத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான்.

திருத்தம் நிறைவேறிய செய்தி பேப்பரில் வந்த அன்று காலையில், நான் ஊரில் போட்டிருக்கிற தையல் கடையைத் திறந்து மெசினைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், சாச்சா வருகிறார். கண் சரியாகத் தெரிவதில்லை, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். பேப்பரை நீட்டி, வாசி என்றார். வாசித்தேன். இன்னொருதரம் வாசி என்றார். வாசித்தேன். பிறகு அவர் கேட்டது எல்லாம், “இத அவள் எழுதியிருந்தா இன்னும் வடிவா இருந்திருக்கும், என்ன மகன்?” என்றுதான். ஓம் சாச்சா என்றேன். வேறென்ன சொல்ல? அவரைக் கையில் பிடித்து மையவாடிக்குக் கூட்டி வந்தேன். அவர் துஆ ஓதி முடியும்வரை நான் தள்ளி நின்றேன். அன்று உங்கள் பக்கத்தில் நின்று அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது ஊர் நிலைமை நல்லா இல்லை, ராத்தா. சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, வெளிச்சத்தோடு கடையைப் பூட்டுகிறோம். சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் வயதும் எனக்கு இல்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது. நீங்கள் அன்று பூசி மெழுகியிருந்தால், இல்லாதது எது என்று தெரியாமல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இந்த வரியும் வந்திருக்காது.

போன கிழமை கடைக்கு அனுமதி புதுப்பிக்கச் சொல்லி அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். வழக்கமாகப் பேக்கரிக்காரரிடம் கொண்டுபோய் வாசிப்பித்து, அவர் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைப்பேன். இந்தமுறை கந்தோருக்கே கொண்டுபோனேன். தமிழில் தாருங்கள் என்றேன். அங்கே இருந்தவர் நம்மட ஆள்தான், நிந்தவூர். சட்டம் வந்துவிட்டது, தமிழ் டைப்ரைட்டர் இன்னும் வரவில்லையே நானா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சிரித்தார். அப்படியென்றால் கையால் எழுதித் தாருங்கள் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அடுத்த கிழமை வாங்க என்றார்.

போவேன், ராத்தா. அடுத்த கிழமையும் இல்லை என்றால் அதற்கடுத்த கிழமையும் போவேன். என்னோடு இன்னும் இரண்டு கடைக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விளங்காத கடதாசி எதிலும் இனி நான் கையெழுத்து வைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு, இன்ஷா அல்லாஹ்.

காவலுக்கென்று கூட வந்து, உங்கட கையைப் பிடித்து நடந்த தம்பி,
இஸ்மாயில்
சாய்ந்தமருது