மயிலுக்கு அடித்த மேளம்

ஆஸ்பத்திரி, ஏழாவது வார்டு
9.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டையில ஓட்டை போட்டதிலிருந்து எனக்குக் குரல் இல்ல. முப்பது வருஷம் உறுமி அடிச்சு உங்களுக்குக் காது இல்ல. நமக்கு எதுக்கு போன்? அதான் என் மக திலகாகிட்ட இந்தக் கடுதாசி.

பதினேழாந்தேதி இங்க கீழே தீபாவளி விருந்தாம். மேளத்துக்கு உங்க குழுவைத்தான் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு மாசமா மெஷின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிக்குது. பக்கத்துக் கட்டில் ஜொஹரா அக்காகூட மேளம் எப்போன்னு கேக்குறாங்க.

தீபாவளி முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிரலாம்னு திலகா சொல்றா. நீங்க டாக்டரைப் பார்த்தீங்களாமே, என்ன சொன்னாரு? மறைக்காம எழுதுங்க.

தங்கச்சி,
மயிலம்மாள்

லாபு
12.10.2025

அன்புத் தங்கச்சி மயிலுக்கு,

டாக்டர் நல்லாத்தான் சொன்னாரு. கண்டதையும் நினைக்காதே லா.

ஏழு பேரோட வர்றேன். அன்னிக்குக் காலையில வெளிநாட்டுல இருந்து மம்பாவ் ஊருக்கு ஒரு பொணம் வருது, அந்தச் சாவு வீட்டுல அடிக்கணும். குளிச்சிட்டு நேரா வந்துருவேன். சாவு வீட்டுல அடிச்ச குச்சியை நல்ல காரியத்துக்குத் தொடமாட்டோம், உனக்குத் தெரியாததா? வேற குச்சி எடுத்து வெச்சுட்டேன். உங்க அண்ணி முறுக்கு சுடுறா. உனக்குச் சாப்பாடு ஏத்துற குழாய்ல போகாதுடின்னா கேக்க மாட்டேங்குறா.

அண்ணன்,
நல்லசாமி

ஏழாவது வார்டு
18.10.2025

அண்ணே,

நேத்து லிஃப்ட்டுக்குள்ளயே மேளம் கேட்டுச்சு. கதவு திறந்தா, ஒரு தாத்தா டிரிப் கம்பியைப் பிடிச்சுகிட்டு ஆடுறாரு! பார்க்க வந்த சனமெல்லாம் போன்ல படம் பிடிக்குது. சக்கர நாற்காலியில எனக்கும் கால் விரல் ஆடிச்சு. அப்பதான் நீங்க என்னைப் பார்த்தீங்க. அடி மாறிப்போச்சு.

மலாய்க்காரங்க, சீனங்க கைதட்டிகிட்டே இருந்தாங்க. நம்ம சனம் அப்படியே நின்னுடுச்சு. ஐ.சி.யு.ல புருஷன் கிடக்குற ஒரு அம்மா "ஐயோ"ன்னு மாருல அடிச்சுகிட்டு மாடிக்கு ஓடினாங்க. அது சாவு வீட்டு அடின்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குச்சி மாத்தினீங்க. கை அதேதானே அண்ணே.

டாக்டர் சொன்னது புரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போகக் கட்டின பையைப் பிரிச்சுட்டேன். கோவமெல்லாம் இல்ல. ரொம்ப பயமா இருக்கு.

ஒண்ணே ஒண்ணு. நான் போற அன்னிக்கு மேளம் வேணாம். எனக்கு அடிச்சாச்சு.

மயிலு

லாபு
27.10.2025

மயிலு,

உனக்குப் பதில் எழுத ஒம்பது நாளா கை வரல. இப்ப எழுதுறேன். உன்னைத் தூக்குறதுக்கு முன்னாடி திலகா இதை உன் கைக்குள்ள வெக்கிறேன்னு சொல்றா.

குழுப் பசங்க மேளத்தோட வந்தானுங்க. திருப்பி அனுப்பிட்டேன். அண்ணன் உறுமிக்காரன், தங்கச்சிக்கு ஒரு கொட்டு இல்லையான்னு வாசல்ல நின்னு திட்டுறாங்க. திட்டட்டும். எனக்குத்தான் காது கேக்காதே.

டாக்டர் என்ன சொன்னாருன்னு நீ கேட்டதுக்கு அன்னிக்கே எழுதியிருக்கணும். மூணு வாரம்னுதான் சொன்னாரு.

நல்லசாமி